ஐந்து விநாடிக் கையிருப்பு: உயர் ஜி பயிற்சியும் மூளையின் ரத்த ஓட்டமும்

(ஓமானின் சோஹாரில் தொழிலாளர்களிடையே நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



மருத்துவ அறிவியலில் ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, மருத்துவர் அல்லாதவர்களுக்கும் விளங்கும்படி பேச வேண்டும் என்பது எனக்கு இடப்பட்ட பணி. நான் எடுத்துக்கொண்டது போர் விமானிகளுக்குத் தரப்படும் உயர் ஜி பயிற்சி. அந்தப் பயிற்சியில் மூளைக்குப் போகும் ரத்த ஓட்டம் என்ன ஆகிறது, பழகப் பழக எது மாறுகிறது, எது மாறுவதே இல்லை என்பதைப் பார்ப்போம். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரத்தம் இல்லாமல் காலம் தள்ள மூளையைப் பழக்க முடியாது. மூளைக்கு ரத்தத்தை ஏற்றி அனுப்பும் உடலை மட்டுமே பழக்க முடியும். விமானிக்குப் பொருந்தும் இந்த விதி, சாரத்தின் மேல் நின்று வேலை செய்யும் உங்களுக்கும் பொருந்தும்.

1. நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

வளைகுடாவில் வாழ்கிறவர்களுக்கு இது தொலைதூரச் சங்கதி அல்ல. ஓமான் விமானப்படையிடம் எஃப்-16, டைஃபூன் ஆகிய போர் விமானங்கள் இருக்கின்றன. அவர்களும் இந்திய விமானப்படையும் சேர்ந்து நடத்தும் 'ஈஸ்டர்ன் பிரிட்ஜ்' கூட்டுப் பயிற்சி 2019இலும் 2024இலும் இதே நாட்டின் மசீரா தீவில் நடந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் எமிரேட்ஸில் ஹஸ்ஸா அல் மன்சூரி 2019இல் விண்வெளிக்குப் போனார். சுல்தான் அல் நெயாதி 2023இல் ஆறு மாதம் விண்வெளி நிலையத்திலேயே தங்கினார்.

நம் ஊர்ப் பக்கம் பார்த்தால், கோவைக்கு அருகே சூலூரில் தேஜஸ் விமானங்கள் நிற்கின்றன. தஞ்சாவூரில் 2020 ஜனவரி முதல் சுகோய்-30 படைப்பிரிவு இருக்கிறது. மனிதரை விண்வெளிக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்துக்குத் தேர்வான நால்வரில் ஒருவரான அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர். ராமேசுவரத்துக்காரரான அப்துல் கலாம் குடியரசுத் தலைவராக இருந்தபோது, 2006 ஜூன் 8 அன்று, தம் 74ஆவது வயதில் புனேயிலிருந்து சுகோயில் பறந்ததை உங்களில் பலர் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள்.

2025 நவம்பர் 21 அன்று துபாய் விமானக் கண்காட்சியில் தேஜஸ் விமானம் விழுந்து விங் கமாண்டர் நமன்ஷ் சியால் உயிரிழந்தார். அவர் சூலூர்ப் படைப்பிரிவைச் சேர்ந்தவர். விபத்தின் காரணத்தைச் சொல்வது விசாரணைக் குழுவின் வேலை. மேடையில் நின்று யூகம் பேசுவது முறையாகாது. அவருக்கு இந்த அவையின் அஞ்சலியைச் செலுத்திவிட்டு மேலே செல்கிறேன்.

2. தலைக்கு ரத்தம் ஏறும் கணக்கு

மூளையின் எடை ஏறத்தாழ 1.4 கிலோ. உடல் எடையில் அது இரண்டு சதவீதம்தான். ஆனால் உடல் செலவழிக்கும் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கு அதற்குப் போய்விடுகிறது. நிமிடத்துக்கு 700 முதல் 750 மில்லி ரத்தம் இடைவிடாமல் வந்துகொண்டே இருக்க வேண்டும். தசை கொஞ்ச நேரம் ஆக்சிஜன் இல்லாமலும் சமாளிக்கும். மூளைக்கு அந்த வசதி கிடையாது.

நாம் உட்கார்ந்திருக்கும்போது இதயத்துக்கும் கண்ணுக்கும் இடையே சுமார் 30 சென்டிமீட்டர் உயரம். அந்த உயரத்துக்கு ரத்தத்தை ஏற்ற, சாதாரணப் புவியீர்ப்பில், அதாவது 1 ஜியில், சுமார் 22 மி.மீ. பாதரச அழுத்தம் செலவாகிறது. இதய மட்டத்தில் மேல் அழுத்தம் 120 என்றால் கண் மட்டத்தில் 98தான் இருக்கும். அடுக்குமாடி வீட்டில் மோட்டார் அழுத்தம் குறைந்தால் எந்தக் குழாய் முதலில் நிற்கும்? மேல்மாடிக் குழாய்தான். நம் உடம்பில் மேல்மாடி தலை.

விமானம் கூர்மையாகத் திரும்பும்போது விமானியின் உடல் எடை தலையிலிருந்து காலை நோக்கிப் பெருகுகிறது. 9 ஜியில் 70 கிலோ மனிதர் 630 கிலோ ஆகிறார். தலையும் தலைக்கவசமும் சேர்ந்து 6 கிலோ என்றால் கழுத்து 54 கிலோவைத் தாங்க வேண்டும். ரத்தமும் அதே மடங்கு கனக்கிறது. ஒவ்வொரு ஜிக்கும் 22 கழித்துக்கொண்டே வாருங்கள். 3 ஜியில் கண் மட்டத்தில் 54. 4 ஜியில் 32. 5 ஜியில் 10. அதற்குமேல் கழிக்க மிச்சம் இல்லை. எந்தத் தற்காப்பும் இல்லாமல் தளர்வாக உட்கார்ந்திருக்கும் மனிதர் நாலரை, ஐந்து ஜிக்குள் நினைவிழப்பதற்கு இந்த எளிய கழித்தல் கணக்குதான் காரணம்.

3. முதலில் பார்வை, பிறகு நினைவு

இதில் ஒரு வரிசை இருக்கிறது. கண்ணுக்குள் இயல்பாகவே 10 முதல் 20 மி.மீ. வரை அழுத்தம் உண்டு. கண்ணுக்கு வரும் ரத்தத்தின் அழுத்தம் அதைவிடக் குறைந்தால் விழித்திரைக்குள் ரத்தம் நுழைய முடியாது. அதனால் மூளைக்கு முன்பே கண் பாதிக்கப்படுகிறது. முதலில் நிறம் மங்கும். அடுத்து ஓரப் பார்வை சுருங்கி, குழாய் வழியாகப் பார்ப்பதுபோல் நடுப்பகுதி மட்டும் தெரியும். பிறகு முழு இருட்டு. அந்த இருட்டிலும் விமானிக்கு நினைவு இருக்கும், காது கேட்கும், கேட்டதற்குப் பதிலும் சொல்வார்.

கண் போன பிறகும் மூளை எப்படிக் கொஞ்சம் தாக்குப்பிடிக்கிறது? மண்டையோடு இறுகிய பெட்டி. தமனி ரத்த அழுத்தம் குறையும்போது, அதே ஜி விசையால் மண்டைக்குள் இருக்கும் சிரைகளின் அழுத்தமும், மூளையைச் சூழ்ந்த தண்டுவட நீரின் அழுத்தமும் சேர்ந்தே குறைகின்றன. வெளியிலிருந்து நசுக்கும் அழுத்தம் குறைவதால் மூளையின் நாளங்கள் மூடிக்கொள்வதில்லை. கீழே இறங்கும் சிரை ரத்தம் மேலிருக்கும் ரத்தத்தைக் கொஞ்சம் இழுத்துக்கொடுக்கவும் செய்கிறது. கழுத்துச் சிரைகள் சப்பிப்போகும் வரை இந்த உதவி கிடைக்கும். அதற்குப் பிறகு கிடைக்காது.

பிறகு வருவது ஜி-லாக் எனப்படும் நினைவிழப்பு. அமெரிக்க ஆய்வாளர் ஜேம்ஸ் வின்னரி, ஆளைச் சுழற்றி உயர் ஜியை உண்டாக்கும் சுழற்சி இயந்திரத்தில் நேர்ந்த நூற்றுக்கணக்கான நினைவிழப்புகளைத் தொகுத்து ஆராய்ந்தவர். விமானி முழுதாக நினைவிழந்திருப்பது சராசரியாக 12 விநாடி. கண் திறந்த பிறகும் குழப்பம் தெளிய ஏறத்தாழ இன்னொரு 12 விநாடி. இடையில் கைகால் உதறும். சிலருக்குக் குறுங்கனவுகள் வரும். தான் நினைவிழந்ததே பலருக்கு நினைவிருக்காது. மணிக்கு ஆயிரம் கிலோமீட்டர் வேகத்தில் போகும் விமானம் 24 விநாடியில் ஆறரைக் கிலோமீட்டருக்கு மேல் போய்விடும். அத்தனை தூரமும் அதை ஓட்ட ஆள் இல்லை.

நினைவு முழுதாகப் போகாமல், பாதியில் நிற்கும் நிலையும் உண்டு. விமானிக்கு எல்லாம் தெரியும், என்ன செய்ய வேண்டும் என்பதும் தெரியும், ஆனால் கை செய்யாது. மயங்கி விழாததால் இதை யாரும் குறித்துவைப்பதில்லை. ஆபத்தில் இது ஜி-லாக்கின் தம்பி.

4. ஐந்துக்கும் பத்துக்கும் நடுவில்

ரத்தம் அடியோடு நின்றால் மூளை எவ்வளவு நேரம் விழித்திருக்கும்? 1943இல் அமெரிக்காவில் தன்னார்வலர்களின் கழுத்தைச் சுற்றி ரத்த அழுத்தப் பட்டை போன்ற ஒன்றைக் கட்டி, நொடியில் காற்றேற்றிச் சோதித்தார்கள். ஐந்து முதல் பத்து விநாடிக்குள் நினைவு போனது. இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் இப்படி ஒரு சோதனைக்கு ஒப்புதல் தராது. ஆனால் கிடைத்த விடை இன்றும் செல்லும். மூளையின் கையிருப்பு ஏறத்தாழ ஐந்து விநாடி.

அழுத்தம் குறைந்ததும் உடல் சும்மா இருப்பதில்லை. கழுத்துத் தமனியில் அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் இருக்கின்றன. அவை மூளைத்தண்டுக்குச் செய்தி அனுப்ப, இதயம் வேகமெடுக்கிறது, காலிலும் வயிற்றிலும் நாளங்கள் சுருங்குகின்றன, அழுத்தம் மீள்கிறது. நீங்கள் நாற்காலியிலிருந்து எழும் ஒவ்வொரு முறையும் இதுதான் நடக்கிறது. ஆனால் இது முழுதாக வேலை செய்ய ஆறிலிருந்து பத்து விநாடி பிடிக்கும்.

கையிருப்பு ஐந்து, உதவி வந்து சேர ஆறு முதல் பத்து. ஆபத்து முழுவதும் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. ஜியை மெதுவாக, விநாடிக்கு 0.1 வீதம் ஏற்றினால் அனிச்சைச் செயலுக்கு நேரம் கிடைக்கிறது. சுமார் 1 ஜி கூடுதலாகத் தாங்க முடிகிறது. நவீனப் போர் விமானமோ விநாடிக்கு 6 ஜி வரை ஏற்றிவிடும். அப்போது கண் இருட்டுவது என்ற எச்சரிக்கைகூட வராமல், கையிருப்பு தீர்ந்த கணத்தில் நேரே நினைவு போகும்.

5. சுழலும் கை

இரண்டாம் உலகப் போரின்போதே விமானிகளின் நினைவிழப்பு பெரிய சிக்கலாக எழுந்தது. கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் புற்றுநோய் ஆய்வு செய்துகொண்டிருந்த வில்பர் ஃபிராங்க்ஸ், தண்ணீர் நிரப்பிய ரப்பர் உறைக்குள் எலிகளை மிதக்கவிட்டுச் சுழற்றினார். நூறு ஜிக்கு மேலும் அவை பிழைத்தன. அதிலிருந்து பிறந்ததுதான் விமானிகளின் முதல் ஜி-எதிர்ப்பு உடை. 1942 நவம்பரில் போர்க்களத்துக்கு வந்தது. தண்ணீர் கனத்ததால் பிற்பாடு காற்றுக்கு மாறினார்கள். அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் ஏர்ல் உட்டும் தோழர்களும் தாங்களே சுழற்சி இயந்திரத்தில் ஏறி உட்கார்ந்து, தசையை இறுக்கி மூச்சைப் பிடிக்கும் முறையை வகுத்தார்கள்.

இந்தியாவில் இந்தப் பணிக்கான இடம் பெங்களூரு. 1957இல் விமான மருத்துவப் பள்ளியாகத் தொடங்கிய நிறுவனம் இன்று விமானப்படையின் வான்வெளி மருத்துவ நிறுவனமாக வளர்ந்திருக்கிறது. ககன்யான் வீரர்களுக்கான முதல் கட்டத் தேர்வு 2019இல் அங்கேதான் நடந்தது. தேஜஸ் விமானிகளுக்கான ஜி-எதிர்ப்பு உடையை உருவாக்கிய டெபெல் ஆய்வகமும் பெங்களூருவில்தான் இருக்கிறது.

சுழற்சி இயந்திரத்துக்குள் என்ன நடக்கிறது? நீண்ட இரும்புக் கை, அதன் நுனியில் ஒரு கூண்டு. 8 மீட்டர் கை நிமிடத்துக்கு 32 முறை சுற்றினால் கூண்டுக்குள் 9 ஜி. பயிற்சி பெறுபவரின் முன்னால் ஒரு விளக்குப் பட்டை இருக்கும். நடுவில் சிவப்பு, இரு ஓரங்களிலும் பச்சை. பார்வையை நடுவில் நிறுத்திக்கொள்ள வேண்டும். ஓரத்துப் பச்சை மறையத் தொடங்கினால் ரத்தம் பின்வாங்குகிறது என்று பொருள். வெளியே மருத்துவர் இதயத் துடிப்பின் வரைபடத்தையும் கேமராவில் முகத்தையும் பார்த்துக்கொண்டிருப்பார். கன்னமும் கீழிமையும் கீழே தொங்கும். முப்பது வயது முகம் அறுபது வயது முகமாகத் தெரியும்.

ஜி ஏறுவதற்கு முன்பே வேலை தொடங்கிவிட வேண்டும். முதலில் கெண்டைக்கால், தொடை, பிட்டம், பிறகு வயிறு என்று கீழிருந்து மேலாக இறுக்க வேண்டும். ஆழமாக மூச்சை இழுத்து, 'ஹுக்' என்று சொல்ல வாயெடுத்துத் தொண்டையில் நிறுத்தியதுபோல் குரல்வளையை மூட வேண்டும். மூன்று விநாடி பிடித்து, ஒரு விநாடிக்குள் பழைய மூச்சை விட்டுப் புது மூச்சை வாங்கி, மறுபடி மூட வேண்டும். மூச்சைக் கூடுதல் நேரம் பிடித்தால் மார்புக்குள் ரத்தம் திரும்பி வராது. மாற்றும்போது தாமதித்தால் அழுத்தம் சட்டென்று இறங்கும். இதைச் சரியாகச் செய்கிறவருக்கு 3 ஜி வரை கூடுதல் தாங்கும் திறன் கிடைக்கிறது. காற்றுடை தருவது ஒன்று, ஒன்றரை ஜிதான். விமானியின் உயிரை முதலில் காப்பது அவருடைய காலும் வயிறும்.

6. பயிற்சி எதை மாற்றுகிறது?

இப்போது மையக் கேள்விக்கு வருவோம். பலமுறை இப்படிச் சுழன்றவரின் உடலில் என்ன மாறுகிறது?

முதலாவது, திறமை. தசையை எப்போது, எந்த வரிசையில் இறுக்குவது என்பது யோசிக்காமலே வருகிறது. பெரும்பகுதிப் பலன் இதுதான்.

இரண்டாவது, அனிச்சைச் செயலின் வேகம். ஆஸ்திரேலியாவில் டேவிட் நியூமன் குழு 1998இல் வெளியிட்ட ஆய்வில், போர் விமானிகளையும் மற்றவர்களையும் சாய்பலகையில் படுக்கவைத்து நிமிர்த்திப் பார்த்தார்கள். நிமிர்த்தியபோது விமானிகளின் உடல் ரத்த அழுத்தத்தை மற்றவர்களைவிட நன்றாகக் காத்துக்கொண்டது. திரும்பத் திரும்ப ஜிக்கு ஆளானதால் அழுத்தக் கட்டுப்பாடு கூர்மையடைந்திருக்கிறது என்பதற்கு இது சான்று. ஆனால் இது வைப்புநிதி அல்ல. விடுப்பில் போய்விட்டுத் திரும்பும் விமானியின் தாங்கும் திறன் குறைந்துவிடும். அதனால்தான் இடைவெளிக்குப் பிறகு படிப்படியாகவே உயர் ஜிக்குப் போக வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள்.

மூன்றாவது, மூளைக்குள் நடப்பது. 1982இல் ரூனே ஆஸ்லிட் அறிமுகப்படுத்திய மண்டைவழி டாப்ளர் முறையால், ரத்தம் மூளைக்குள் ஓடும் வேகத்தை வெளியிலிருந்தே அளக்க முடிகிறது. ஜப்பானின் நிஹோன் பல்கலைக்கழகத்தில் இவாசாகி குழு, சிறிய சுழற்சி இயந்திரத்தில் வெறும் 1.5 ஜி கொடுத்துப் பார்த்தது. இதய மட்டத்தில் ரத்த அழுத்தம் குறையவில்லை. ஆனாலும் மூளையின் ரத்த ஓட்டம் சற்றுக் குறைந்தது. கையில் கட்டி அளக்கும் பி.பி. சரியாக இருக்கிறது என்பதால் மேலே எல்லாம் சரி என்று சொல்லிவிட முடியாது.

இதில் மூச்சுக்கும் பங்கு உண்டு. பதற்றத்தில் வேக வேகமாக மூச்சு விட்டால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறையும். அது ஒரு மி.மீ. குறைந்தால் மூளையின் ரத்த ஓட்டம் சுமார் 3 சதவீதம் குறைகிறது. பயிற்சி பெறாதவர் பயத்தில் மூச்சு வாங்கி, இருக்கும் ரத்தத்தையும் குறைத்துக்கொள்கிறார். பயிற்சி பெற்றவர் அளந்து மூச்சு விடுகிறார். மூளைக்குப் பயிற்சியால் கிடைக்கும் ஆதாயத்தில் இதுவும் ஒன்று.

2023இல் பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் பல்கலைக்கழகத்தில் ஃபுளோரிஸ் வைட்ஸ் குழு பத்து எஃப்-16 விமானிகளின் மூளையை எம்.ஆர்.ஐ.யில் பார்த்தது. பறந்த அனுபவம் கூடக்கூட, உடலசைவையும் புலனுணர்வையும் கையாளும் பகுதிகளின் இணைப்பில் வேறுபாடு தெரிந்தது. பத்தே பேர் என்பதை மறக்க வேண்டாம். இணைப்பு மாறியதே தவிர, ஐந்து விநாடிக் கையிருப்பு ஆறு விநாடி ஆகிவிடவில்லை. மூளைச் செல்லின் பசி பயிற்சிக்குக் கட்டுப்படுவதில்லை.

7. படுத்தவருக்கு வேறு கணக்கு

விண்வெளி வீரர்கள் எப்படித் தாங்குகிறார்கள் என்று கேட்கலாம். 1984இல் ராகேஷ் சர்மாவும், 2025இல் சுபான்ஷு சுக்லாவும் மல்லாந்த நிலையில்தான் போனார்கள், வந்தார்கள். விசை மார்பிலிருந்து முதுகை நோக்கி அழுத்துகிறது. இதயமும் மூளையும் ஏறத்தாழ ஒரே மட்டம். 2018 அக்டோபரில் சோயூஸ் ராக்கெட் பாதியில் பழுதானபோது இரு வீரர்கள் 6.7 ஜி வரை தாங்கி நலமாக இறங்கினார்கள். மூச்சுவிடத்தான் கடினம், ரத்தம் தலைக்குப் போய்க்கொண்டே இருக்கும். அபுதாபி ஃபெராரி வேர்ல்டில் ஃபார்முலா ரோஸா ரோலர் கோஸ்டர் மணிக்கு 240 கிலோமீட்டர் வேகத்துக்குப் பாயும்போது உங்கள் பிள்ளைகள் மயங்காமல் கூச்சல் போடுவதற்கும் விசையின் திசையே முதல் காரணம்.

இந்த ஒரு செய்தியை இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள். தலையையும் இதயத்தையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் பாதிப் போர் முடிந்தது.

8. சோஹாரில் இதற்கு என்ன வேலை?

இங்கே யாரும் 9 ஜியில் பறக்கவில்லை. ஆனால் 1 ஜியிலும் ஆட்கள் மயங்கி விழுகிறார்கள். நாம் எழுந்து நின்றாலே அரை லிட்டருக்கு மேல் ரத்தம் காலுக்கும் வயிற்றுக்கும் இறங்குகிறது. கோடை வெயிலில் தோலின் நாளங்கள் விரிகின்றன. வியர்வையில் ரத்தத்தின் நீர் குறைகிறது. வெப்பமும் நீரிழப்பும் விமானியின் ஜி தாங்கும் திறனைக் குறைக்கும் என்பது அந்தத் துறையில் பாலபாடம். அலுமினிய ஆலையின் பாட்ரூமிலும் உருக்காலையின் உலைக்கு எதிரிலும் நிற்கும் தொழிலாளிக்கும் உடல் அதே உடல்தான். ஓமானில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பகல் 12.30 முதல் 3.30 வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்ற விதிக்குப் பின்னால் இந்த உடலியலும் இருக்கிறது.

விமானி கற்ற வித்தையின் எளிய வடிவம் நமக்கும் உதவும். அடிக்கடி மயங்கி விழும் 223 பேரிடம் நடத்திய ஓர் ஆய்வு 2006இல் வெளியானது. தலை சுற்றும்போதே கால்களைக் குறுக்கே போட்டுத் தொடையையும் பிட்டத்தையும் இறுக்குவது, இரு கைகளையும் கோத்து இழுப்பது ஆகியவற்றை ஒரு பிரிவினருக்குக் கற்றுக்கொடுத்தார்கள். கற்காதவர்களில் 51 சதவீதம் பேருக்கு மீண்டும் மயக்கம் வந்தது. கற்றவர்களில் 32 சதவீதம். மாத்திரையும் செலவும் இல்லாத மருத்துவம் இது. நெடுநேரம் நிற்கும் காவலாளிகளும், கிரேனுக்கு சிக்னல் காட்டுகிறவர்களும் இதைப் பழகிக்கொள்ளலாம். தலை சுற்றினால் முதல் வேலை, ஏணியிலிருந்தால் பிடித்துக்கொள்வது, தரையிலிருந்தால் உட்காருவது அல்லது படுப்பது.

ஹார்னஸில் வேலை செய்கிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. தவறி விழுந்து பெல்ட்டில் தொங்குகிறவர் கால்களை அசைக்காமல் செங்குத்தாகத் தொங்கினால், ரத்தம் காலிலேயே தேங்கி சில நிமிடங்களில் மயங்கக்கூடும். மயங்கினாலும் அவரால் தரையில் சாய முடியாது; பெல்ட் அவரை நிமிர்த்தியே வைத்திருக்கும். எனவே தொங்குகிறவர் கால்களை அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். காலை ஊன்றும் பட்டை இருந்தால் அதில் மிதித்து நிற்க வேண்டும். மேலே ஆளை ஏற்றும் முன்பே, விழுந்தால் எப்படி இறக்குவது என்ற திட்டம் கையில் இருக்க வேண்டும்.

நிறைவாக ஒரு வேண்டுகோள். நம்மவர்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. ஒருவர் மயங்கி விழுந்தால் நாலு பேர் சேர்ந்து தூக்கி, நாற்காலியில் உட்காரவைத்து, முகத்தில் தண்ணீர் அடித்து, வாயில் சோடாவை ஊற்றுவோம். அன்பினால் செய்வதுதான். ஆனால் விழுந்ததன் மூலம் உடல் தேடிக்கொண்ட மருந்தை நாம் பிடுங்கிவிடுகிறோம். நிமிர்த்தினால் ரத்தம் மறுபடி கீழே போகும்; வாயில் ஊற்றினால் மூச்சுக்குழாயில் போகும். மயங்கியவரைத் தரையில் மல்லாக்கப் படுக்கவையுங்கள். காலை உயர்த்துங்கள். சட்டையைத் தளர்த்தி, நிழலும் காற்றும் கொடுங்கள். மூச்சு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் உடனே மார்பை அழுத்தத் தொடங்கி, ஆம்புலன்ஸை அழையுங்கள். வெறும் மயக்கமாக இருந்தால் ஒரு நிமிடத்துக்குள் கண் திறப்பார். திறக்காவிட்டாலும், நெஞ்சு வலி, கொதிக்கும் உடல், குழறல் இருந்தாலும் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

நாளைக் காலை வேலைக்கு முன் டூல்பாக்ஸ் டாக் என்ற பாதுகாப்புப் பேச்சை நடத்தப்போகும் சூப்பர்வைசர்கள் இந்த அவையில் பலர் இருக்கிறீர்கள். அதில் இரண்டு நிமிடம் இதற்கு ஒதுக்குங்கள். ஒருவரைப் படுக்கவைத்துச் செய்து காட்டுங்கள். தமிழில் மட்டும் சொல்லாமல், உங்கள் குழுவில் இருக்கும் வங்காளிக்கும் பாகிஸ்தானிக்கும் ஓமானிக்கும் புரிகிற மொழியிலும் சொல்லுங்கள். இந்த அறக்கட்டளை கேட்கும் பலன் அதுதான்.